இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாமா? விறைப்புக் குறைபாட்டுக்கு ஆபரேஷன் யோசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆணுறுப்பு விறைப்பதில்லை, விறைத்தாலும் நிற்பதில்லை. மாத்திரை போட்டுப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. இப்போது யாரோ, "உள்ளே இம்ப்ளாண்ட் வெச்சுட்டா சரியாயிரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மதுரையில் பல வருடங்களாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருத்துவன் இல்லை, மருந்தாளுநன். இந்தப் பிரச்சினையோடு வருகிறவரை வாசல்படியிலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நிற்பார். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற சத்துமாவு விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார். கடை காலியானதும் நாலாக மடித்த சீட்டைக் கவுண்டரில் தள்ளுவார். மருந்தின் பெயர் வாயிலிருந்து வராது. இந்தக் கூச்சத்தால் சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்காமலே வருடங்களைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நின்று நிதானமாகச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இம்ப்ளாண்ட் என்பது ஆபரேஷன் செய்து ஆணுறுப்புக்குள் வைக்கும் கருவி. அது தருவது விறைப்பு மட்டும். ஆசையைத் தராது, நீளத்தைத் தராது, குழந்தையைத் தராது, பேச்சு நின்றுபோன கணவன் மனைவியைப் பேசவைக்காது. உங்களுக்குக் குறைவது விறைப்பு மட்டும்தான் என்று உறுதியானால் அது அருமையான சிகிச்சை. செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் திருப்தியாக இருக்கிறார்கள். வேறு ஏதோ குறைகிறது என்றால் எத்தனை லட்சம் கொட்டினாலும் ஏமாற்றம்தான். ஆகவே இந்த ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொண்டு மேலே போங்கள்.

படி 1: குறை எது என்று பாருங்கள்

விடியற்காலையில் தூங்கி எழும்போது விறைப்பு வருகிறதா? தனியாக இருக்கும்போது வருகிறதா? வருகிறது, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வருவதில்லை என்றால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பயம், மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, வேலை நெருக்கடி, முதலிரவுப் பதற்றம் என்று காரணம் வேறு பக்கம் இருக்கும். அதற்கு மனநல மருத்துவரோ, பாலியல் ஆலோசனை தரப் பயிற்சி பெற்றவரோ போதும். ஆபரேஷன் தேவையில்லை.

விந்து சீக்கிரம் வந்துவிடுவது தனிப் பிரச்சினை. அதற்குத் தனி சிகிச்சை உண்டு. இம்ப்ளாண்டால் அது மாறாது. ஆசையே இல்லை என்பதும் தனி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கலாம், மன அழுத்தம் இருக்கலாம்.

இருபது வயதுப் பையன்கள் "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்துச்சு, அதான் நரம்புத் தளர்ச்சி வந்துருச்சு" என்று வந்து நிற்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். சுய இன்பத்தால் நரம்பும் தளராது, உறுப்பும் சிறுக்காது. இந்தப் பயத்தை விதைத்தவர்கள் இதை வைத்துப் பிழைப்பவர்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற சுவர்களிலும், ராத்திரி டிவியிலும், "இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் வைத்தியர் முகாம்" என்ற துண்டுச் சீட்டிலும் அவர்களைப் பார்க்கலாம். ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். சிட்டுக்குருவி லேகியம், தாதுவிருத்திச் சூரணம் என்று பாட்டில் பாட்டிலாக வாங்குவதில் பணம் போவது ஒரு பக்கம். இப்படி விற்கப்படும் சரக்குகளில், விறைப்புக்குத் தரும் சில்டனாபில் (வயாக்ரா) மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு அது உயிர் ஆபத்து. அரசு பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போவது வேறு, லாட்ஜில் அறை எடுத்து உட்காருகிறவரிடம் போவது வேறு.

படி 2: சர்க்கரையையும் இதயத்தையும் பாருங்கள்

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் தமனிகள் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்பும் சர்க்கரையும் புகையும் சேர்ந்து குழாய்களைக் கெடுக்கும்போது சின்னக் குழாய் முதலில் மக்கர் செய்யும். அதனால் நாற்பது, ஐம்பது வயதில் புதிதாக வரும் விறைப்புக் குறைபாடு, சில வருடங்கள் கழித்து வரப்போகும் மாரடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இதைக் கூச்சத்தால் மறைத்தால் இதயத்தைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் கை நழுவிப் போகும்.

எனவே யாரிடம் போனாலும் முதலில் இவை நடக்க வேண்டும்: ரத்த அழுத்தம், சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு அளவு, ஈ.சி.ஜி., காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன். அந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். சாயங்காலம் ரத்தம் கொடுத்துவிட்டுக் குறைவு என்று பயப்படக் கூடாது. குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கும். மாற்று மருந்து எழுத முடியும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தில் படுத்தவரை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, தினசரி டாஸ்மாக் ஆகியவற்றை விடுவதும் சிகிச்சைதான்.

படி 3: மாத்திரை உண்மையிலேயே தோற்றதா?

இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன். "மாத்திரை கேக்கல" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் மாத்திரையைச் சரியாகப் போடவே இல்லை.

சில்டனாபில் 1998இல் விற்பனைக்கு வந்தது. அதை வெறும் வயிற்றிலோ, லேசாகச் சாப்பிட்டோ, உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். நம் ஊர்க்காரர் என்ன செய்கிறார்? கறிதோசையும் சுக்காவும் வயிறு முட்டச் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் எதிர்பார்க்கிறார். எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த சாப்பாடு அந்த மருந்து ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், வீரியத்தையும் குறைக்கும். கூடவே குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, மாத்திரை தானாக விறைப்பைக் கொண்டுவராது. தொடுதலும் ஆசையும் இருந்தால்தான் அது உதவும். சும்மா படுத்துக்கொண்டு "வருதா, வருதா" என்று பார்த்துக்கொண்டிருந்தால் வராது.

அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரையான தடாலாபில் அப்படியில்லை. சாப்பாடு அதைப் பெரிதாகப் பாதிக்காது. ஒன்றரை நாள் வரை வேலை செய்யும். குறைந்த அளவில் தினமும் போடும் முறையும் உண்டு. ஒன்று கேட்கவில்லை என்றால் மருத்துவர் மற்றொன்றைத் தருவார். மருத்துவர் அனுமதித்த முழு அளவில், சரியான முறையில், ஆறேழு தடவையாவது முயன்ற பிறகுதான் மாத்திரை தோற்றது என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை பாதி மாத்திரை போட்டதை எல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். மாத்திரை போட்ட இரவில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், கூட யார் நின்றாலும் சரி, "இந்த மாத்திரை போட்டிருக்கேன்" என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் மானம் பார்த்தால் உயிர் போய்விடும். சீட்டு இல்லாமல் நான் இந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை என்பதற்குக் காரணமும் இதுதான். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

படி 4: நடுவில் இருக்கிற இரண்டு வழிகள்

வெற்றிடப் பம்பு ஒன்று. குழாயை உறுப்பின் மேல் வைத்துக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் ஏறும். அடியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி அதை நிறுத்திவைக்க வேண்டும். வளையம் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உறுப்பு சற்றுக் குளிர்ந்து, அடிப்பகுதி ஆடினாற்போல இருக்கும். பல வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளுக்கு இது ஒத்துவரும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை.

இன்னொன்று, உறுப்பிலேயே மெல்லிய ஊசியால் போட்டுக்கொள்ளும் மருந்து. கேட்கப் பயமாக இருந்தாலும் மாத்திரை கேட்காத பலருக்கு இது வேலை செய்கிறது. முதல் ஊசியை மருத்துவர் முன்னால்தான் போட வேண்டும். நான்கு மணி நேரம் கழித்தும் விறைப்பு இறங்கவில்லை என்றால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருந்தால் உறுப்பின் உள்தசை நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

இந்த இரண்டையும் பிடிக்கவில்லை என்று ஒதுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இப்படி இரண்டு இருக்கின்றன என்று சொல்லாமலே ஒருவர் நேராக ஆபரேஷன் தேதி குறித்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

படி 5: எந்த மருத்துவர், என்ன கேட்பது

பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதைக்கும் ஆணுறுப்புக்கும் ஆபரேஷன் செய்யும் மருத்துவர். நெஃப்ராலஜிஸ்ட் சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் பார்ப்பவர். பலர் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் அரசு இராசாசி மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. பதிவு செய்யும் இடத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது காரணத்தை விளக்க வேண்டியதில்லை. "யூராலஜி டாக்டரைப் பாக்கணும், யூரின் பிரச்சினை" என்றால் போதும். மீதியை அறைக்குள் போய்ப் பேசுங்கள். அறையில் பயிற்சி மாணவர்களோ நர்ஸோ இருந்து சங்கடமாக இருந்தால், "டாக்டர், தனியாப் பேசணும்" என்று சொல்லலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தேவைப்பட்டால் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். ஊசி போட்டு விறைப்பை வரவைத்து, ரத்தம் எப்படி உள்ளே வருகிறது, எப்படி வடிகிறது என்று பார்ப்பது. எல்லோருக்கும் இது வேண்டியதில்லை.

இம்ப்ளாண்ட் என்று பேச்சு வந்ததும் கேளுங்கள்: நீங்கள் வருடத்துக்கு எத்தனை வைக்கிறீர்கள்? எந்த வகைகளை வைத்துப் பழக்கம்? கிருமி தொற்றினால், கருவி பழுதானால் யார் பார்ப்பார்கள், அதற்குச் செலவு என்ன? இது கைத்தேர்ச்சி முக்கியமான ஆபரேஷன். அடிக்கடி செய்கிறவரிடம் சிக்கல் குறைவு. அனுபவம் உள்ளவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். திருப்தி இல்லையென்றால் சென்னை, கோவை, வேலூர் என்று இன்னொரு கருத்துக் கேட்கலாம். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். அந்த ஒரு பயணத்தை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

படி 6: இரண்டு வகையையும் கையில் வாங்கிப் பாருங்கள்

மருத்துவரிடம் மாதிரிக் கருவி இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

முதல் வகை வளைக்கக்கூடிய தண்டு. உள்ளே உலோகக் கம்பி அல்லது அதற்கு இணையான அமைப்பு, மேலே சிலிகான். விரலால் மேலே தூக்கினால் அப்படியே நிற்கும், கீழே மடக்கினால் மடங்கும். உறுப்பின் இரண்டு பக்கத்திலும் இருக்கிற விறைக்கும் அறைகளில் அறைக்கு ஒன்றாக வைப்பார்கள். இதில் பழுதாக அதிகம் எதுவும் இல்லை, ஆபரேஷனும் எளிது, விலையும் குறைவு. மும்பையைச் சேர்ந்த டாக்டர் ரூபின் ஷா உருவாக்கிய இந்தியத் தண்டு ஒன்று இந்த வகையில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. குறை என்ன? உறுப்பு எப்போதும் அதே கெட்டியோடு இருக்கும். லுங்கி, வேட்டி கட்டுகிறவர், பொதுக் குளியலறையில் குளிக்கிறவர், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறும் வீட்டில் இருப்பவர் இதை யோசிக்க வேண்டும். இறுக்கமான ஜட்டி போட்டு வயிற்றோடு சேர்த்து மடக்கிவைத்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. உணர்ச்சி மரத்துப்போன தண்டுவடக் காயக்காரர்களுக்கு, தண்டு உள்ளிருந்தே அழுத்தித் தோலைத் துளைத்து வரும் ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

இரண்டாவது வகை காற்றடிப்பது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் உள்ளே போவது உப்புநீர். அமெரிக்க மருத்துவர் பிரான்ட்லி ஸ்காட் 1973இல் அறிமுகப்படுத்தியதன் வளர்ச்சிதான் இன்றைய மூன்று பாகக் கருவி: உறுப்பில் இரண்டு உருளைகள், விதைப்பையில் ஒரு பம்பு, அடிவயிற்றில் நீர் தேங்கும் பை. பம்பைக் கையில் பிடித்துப் பாருங்கள். பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். பல தடவை அழுத்தினால் பையிலிருந்து நீர் உருளைக்குப் போய் உறுப்பு விறைக்கும். முடிந்தபின் பம்பின் மேலிருக்கும் பொத்தானை அமுக்கினால் நீர் திரும்பப் போய் உறுப்பு தளரும். வெளியே ஒன்றும் தெரியாது. பார்வைக்கும் தொட்டாலும் இயற்கைக்குக் கிட்டத்தட்ட வரும். ஆனால் இது இயந்திரம். பெரும்பாலானவர்களுக்குப் பத்து வருடம் ஓடுகிறது. அதன் பிறகோ அதற்கு முன்போ பழுதானால் மறுபடி ஆபரேஷன்தான். விலை வளைக்கும் தண்டைவிடப் பல மடங்கு. கருவிக்கு மட்டுமே லட்சக்கணக்கில் ஆகும்.

விரலில் மூட்டுவாதம் உள்ளவர், பக்கவாதத்தில் கை பலம் குறைந்தவர் அந்த மாதிரிப் பம்பை அங்கேயே நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தன்னால் முடியாவிட்டால் மனைவி அழுத்தலாம். அவருக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: திரும்பி வர முடியாத இடம்

இம்ப்ளாண்ட் வைக்கும்போது உறுப்பின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற தசையை விலக்கி இடம் செய்கிறார்கள். அதற்குப் பிறகு இயற்கையான விறைப்பு இருக்காது. பிடிக்கவில்லை என்று கருவியை எடுத்துவிட்டாலும் பழைய நிலை திரும்பாது, மாத்திரையும் ஊசியும் முன்போல உதவாது. அதனால்தான் மற்ற எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன்.

மாறாதவை: தொடு உணர்ச்சி, உச்சம், விந்து வெளியேறுவது, சிறுநீர் போவது. முன்பு இவை எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். நீண்டகாலச் சர்க்கரையால் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தால் இம்ப்ளாண்ட் அதைத் திருப்பித் தராது. விந்தணு நன்றாக இருந்து, உறவு முடியாததால் மட்டும் குழந்தை இல்லாதவர்களுக்கு இயற்கையாகக் கரு தரிக்க வழி கிடைக்கலாம். விந்தணுவே குறைவு என்றால் அதற்கு வேறு சிகிச்சை. அந்த வேறுபாட்டை விந்துப் பரிசோதனை காட்டிவிடும்.

நீளம் கூடாது. வாலிப வயதில் இருந்த நீளத்தோடு ஒப்பிட்டால் குறைந்ததுபோல் பலருக்குத் தோன்றும். கையால் இழுத்தால் இப்போது எவ்வளவு வருகிறதோ ஏறத்தாழ அவ்வளவுதான். மொட்டுப் பகுதி முன்போலப் புடைக்காது. இதை யாரும் முன்னாலேயே சொல்லாததால்தான், நன்றாக நடந்த ஆபரேஷனுக்குப் பிறகும் சிலர் முகம் வாடித் திரும்புகிறார்கள்.

யார் அவசரப்படக் கூடாது? புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தவர்கள்: நரம்பு மீள ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும், அதுவரை மாத்திரை, வெற்றிடப் பம்பு போதும். தீவிர மனச்சோர்வில் இருப்பவர்கள். போன மாதம்தான் பிரச்சினை தொடங்கியவர்கள். யார் தள்ளிப்போடக் கூடாது? ஒன்றிரண்டு நாட்களாக இறங்காத விறைப்பால் உள்தசை அழிந்துபோனவர்கள். தாமதித்தால் உள்ளே தழும்பு இறுகி உறுப்பு சுருங்கும், பிறகு வைப்பதும் கடினம். இவர்களுக்கு மருத்துவரே சீக்கிரம் செய்யச் சொல்வார்.

படி 8: மனைவியிடம் பேசுவது

இதை ரகசியமாகச் செய்துகொண்டு ஒருநாள் ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். மூன்று வருடம் தன்னைத் தொடாத கணவன் திடீரென்று நெருங்கினால் அந்த அம்மாவுக்கு வருவது சந்தேகமும் பயமும்தான். அந்த மூன்று வருடமும் "என்மேல பிரியம் போயிருச்சு", "வேற தொடுப்பு இருக்கோ" என்று அவர் உள்ளுக்குள் வெந்திருப்பார். இது ரத்தக் குழாய் நோய் என்று அறிந்ததும் கண்ணீர் விட்டுத் தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: படுக்கையறையில் தொடங்காதீர்கள். நடந்து போகும்போதோ, ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் மொட்டைமாடியிலோ தொடங்குங்கள். "சர்க்கரையால எனக்கு இப்படி ஆயிருச்சு. உன்மேல எந்தக் குறையும் இல்ல. டாக்டர் ஒரு ஆபரேஷன் சொல்றாரு. நீயும் வந்து கேளேன்." இவ்வளவு போதும். பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "ஏங்க, உசுருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை மருத்துவரிடமே அவர் கேட்கட்டும்.

அவருக்கும் உடம்பு இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பு வறண்டு உறவு வலிக்கும். வழுவழுப்புக் களிம்பு, தேவைப்பட்டால் மகளிர் மருத்துவர் தரும் மருந்து இரண்டும் உதவும். "எனக்கு இதுல நாட்டம் போயிருச்சுங்க, உங்க விருப்பம்" என்று அவர் சொன்னால் அதுவும் கணக்கில் வர வேண்டிய பதில். அப்படிச் சொன்ன பிறகு ஆபரேஷனைக் கைவிட்டு, கட்டிப்பிடித்துத் தூங்குவதே போதும் என்று நிம்மதியாக இருக்கிற தம்பதிகள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பவர், தாலி கட்டும் முன் அந்தப் பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்துச் செய்தால் அது அவருக்குச் செய்யும் துரோகம்.

படி 9: பணம்

கருவி விலை, ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, அறை வாடகை, மருத்துவர் கட்டணம் எல்லாவற்றையும் பிரித்து எழுதிக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள்; பாலியல் குறைபாட்டுச் சிகிச்சையைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. கருவிக்கு உத்தரவாதம் எத்தனை வருடம், அது கருவிக்கு மட்டுமா என்றும் கேளுங்கள். மறு ஆபரேஷனின் மருத்துவமனைச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் மூன்று பாகக் கருவிதான் வேண்டும் என்று நிற்க வேண்டியதில்லை. நல்ல கையால் வைக்கப்பட்ட வளைக்கும் தண்டும் உறவுக்குப் போதுமான கெட்டியைத் தரும்.

படி 10: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

இந்த ஆபரேஷனில் எல்லோரும் அஞ்சுவது கிருமித் தொற்று. முதல் தடவை வைப்பவர்களில் நூறில் ஒன்று முதல் மூன்று பேருக்கு வரலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், மறு ஆபரேஷன் செய்பவர்களுக்கும் கூடுதல். வந்துவிட்டால் பெரும்பாலும் கருவியை எடுத்தாக வேண்டும். அதனால் எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே வரட்டும் என்று மருத்துவர் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். சிறுநீரில் கிருமி, சொத்தைப் பல்லில் சீழ், காலில் ஆறாத புண், தொடை இடுக்கில் படர்தாமரை எதுவும் இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் அந்தப் படர்தாமரை பாதிப் பேருக்கு இருக்கும், சொல்லாமல் மறைப்பார்கள். சொல்லுங்கள், சில வாரத்தில் ஆற்றிவிடலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் யூராலஜிஸ்டும் பேசி முடிவெடுக்க வேண்டும். சவரம் நீங்களே செய்துகொண்டு போகாதீர்கள். சின்னக் கீறலும் கிருமிக்கு வாசல்.

முடிந்தால் சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது; தையலோடு மறுபரிசோதனைக்கு வருகிறவருக்கு அது பெரும்பாடு. சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு வந்து, "என்ன ஆபரேஷன் மாப்ள?" என்று கேட்டால், "யூரின் போற பாதையில சின்ன ஆபரேஷன்" என்று சொன்னால் போதும். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தோ, முழு மயக்கத்திலோ செய்வார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிறுநீர்க் குழாயைப் பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடுவார்கள். விதைப்பை வீங்கிக் கருநீலமாக இருக்கும். பார்த்துப் பயப்படாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் வடியும். வலி முதல் வாரம் கடுமையாக இருக்கும், பிறகு படிப்படியாகக் குறையும். உறுப்பை வயிற்றோடு சேர்த்து மேல்நோக்கி வைத்து இறுக்கமான உள்ளாடை போடச் சொல்வார்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை தூக்குவது, டூ வீலர் ஓட்டுவது எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை கிடையாது. பம்பு வைத்தவர்களை நான்கு முதல் ஆறு வாரத்தில் கூப்பிட்டு இயக்கக் கற்றுத் தருவார்கள். முதல் தடவை பம்பு விரலுக்குச் சிக்காமல் நழுவும், வலிக்கும். வெந்நீரில் குளித்துவிட்டு நிதானமாகப் பழகினால் வந்துவிடும். உறவு பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு.

காய்ச்சல், சீழ், குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது, விதைப்பைத் தோல் பம்போடு ஒட்டிச் சிவப்பது, மொட்டின் தோல் மெலிந்து கருவி தெரிவது போன்றவற்றில் எது வந்தாலும், எத்தனை மாதம் கழித்து வந்தாலும், அன்றே ஓடுங்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிப் போட்டு நாளைக் கடத்த வேண்டாம். என்னிடம் வந்தாலும் நான் திருப்பித்தான் அனுப்புவேன்.

கருவியின் பெயர், மாடல், எண் அச்சிட்ட அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள், மனைவியிடமும் ஒரு நகல் இருக்கட்டும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அந்த மாடல் நம்பர் தேவைப்படும். சிறுநீர்க் குழாய் போடுகிற எந்த நர்ஸிடமும், குடலிறக்கத்துக்கோ வயிற்றிலோ கத்தி வைக்கிற எந்த மருத்துவரிடமும், தொடங்குவதற்கு முன்பே அட்டையைக் காட்டிவிடுங்கள்.